பெரியம்மாவின் அறைக்கு நிலை வைத்த நாள்

பெரியம்மா பலகையை முகர்ந்து பார்ப்பார். மீன் வாங்கும்போது செவுளை விரித்து மூக்கருகே கொண்டுபோவாரே, அதே மாதிரி. லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நான் பரப்பி வைத்த மாதிரித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தார், கண்ணை மூடினார், ஒரு மூச்சு இழுத்தார். மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய ஓ.எஸ்.பி. பலகைக்கு, "இது பசை" என்றார். ஒட்டுப்பலகைக்கு, "இது மரம்." சீமெந்தும் மரத்தூளும் கலந்து செய்த சாம்பல் நிறப் பலகையை இரண்டு தரம் முகர்ந்துவிட்டு, "இதிலை ஒண்டுமில்லை, ஆஸ்பத்திரி மாதிரி" என்று தள்ளி வைத்தார். நான் பக்கத்தில் ஒரு அட்டவணை வைத்திருந்தேன். பாரம், தடிப்பு, ஈரம் தாங்கும் திறன், நெருப்புத் தாங்கும் திறன், கடையில் உடனே கிடைக்குமா என்று வரிசையாகப் பத்திகள். மணத்துக்கு ஒரு பத்தி வைக்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை. பெரியம்மா இப்போது இல்லை. ஆனால் புதிய பலகைக் கட்டு ஒன்றைப் பிரிக்கிற இடத்தில் நின்றால் என்னையறியாமல் நானும் ஒரு மூச்சு இழுத்துப் பார்க்கிறேன்.

அவர் அம்மாவின் ஒரே அக்கா. நோர்வேயின் வடக்கே, கடலோரத்து ஊர் ஒன்றில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா இறந்த பிறகும் அங்கேயே ஒரு வாடகை வீட்டில் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு நாட்டுக்குப் போனபின் கலியாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும்தான் சந்தித்துக்கொண்டார்கள். அதுவும் பெரும்பாலும் லண்டனில். அம்மா ஒருதரமும் நோர்வேக்குப் போனதில்லை. முதலில் விசா இல்லை, பிறகு நாங்கள் சின்னப் பிள்ளைகள், பிறகு ஷிப்ட், பிறகு பழக்கம். ஒரு குளிர்காலம் முடிகிற நேரத்தில் பெரியம்மா தன் வீட்டு வாசலில் பனிக்கட்டியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அப்பாதான் போய்க் கூட்டி வந்தார். சில்லு வைத்த வோக்கர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு, கம்பளித் தொப்பியோடு, எங்கள் வீட்டுக்குள் வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "நத்தாருக்கு முன்னம் போயிடுவன்." கிறிஸ்மஸுக்கு முந்திய திகதி ஒன்றில் திரும்பிப் போகும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்திருந்தார்.

அம்மாவுக்கு அந்த டிக்கெட் தொண்டையில் மாட்டிய முள். அக்காவைத் திரும்ப அனுப்புவதில்லை என்று அவர் தீர்மானித்துவிட்டார், ஆனால் அக்காவிடம் அதைச் சொல்லும் துணிவு அவருக்கு இல்லை. எங்கள் குடும்பத்தில் வயதில் மூத்தவரிடம் "இருங்கோ" என்று சொல்லலாம், "போகக் கூடாது" என்று சொல்ல முடியாது. வீடும் அம்மாவுக்கு உதவவில்லை. வரிசையாக ஒட்டிக்கட்டிய பழைய வீடு அது. மேலே மூன்று அறை, குளியலறையும் மலசலகூடமும் மேலே. கீழே முன் ஹோலில் பெரியம்மாவுக்குக் கட்டில் போட்டிருந்தோம். அவர் மேலே போகவேண்டுமானால் ஒருவர் முன்னால் ஏறவேண்டும், ஒருவர் பின்னால் வரவேண்டும். ஒவ்வொரு தரமும் கூப்பிட வேண்டும். நான் வீட்டிலிருந்து வேலை செய்த ஒரு கிழமையில்தான் கவனித்தேன்: கட்டிலருகே வைத்த தண்ணீர்ப் போத்தல் மாலைவரைக்கும் குறையாமல் அப்படியே இருக்கும். கேட்டால், "தாகமில்லைப் பிள்ளை." சோற்றோடு ரசம் வேண்டாம். கோப்பி வேண்டாம். கூப்பிடாமல் இருப்பதற்காக அவர் குடிக்காமல் இருந்தார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா பின்கதவைத் திறந்து வளவைப் பார்த்துவிட்டு, "பின்னாலை ஒரு அறை இழுப்பம். குளியலறையோடை. நீதானே எஞ்சினியர், கீறு" என்றார்.

நான் கட்டமைப்புப் பொறியியல் படித்தவள். ஒரு சிறிய அலுவலகத்தில் பிறருடைய வீடுகளின் உத்தரங்களையும் தூண்களையும் கணக்கிடுவது என் வேலை. சொந்த வீட்டுக்குக் கணக்கிடுவது அதுதான் முதல் தரம். வழக்கம்போல் முதலில் ஒரு பட்டியல் எழுதினேன். வளவு ஒடுக்கம், இரண்டு பக்கமும் அயலவரின் வேலி. பக்கவழி இல்லை, எல்லாச் சாமானும் முன்கதவால் வந்து நடைபாதையால் குசினிக்குள் நுழைந்துதான் பின்னால் போகவேண்டும். மண் களிமண், பக்கத்து வளவில் பெரிய மரம். பெரியம்மாவின் கட்டில், வோக்கர் திரும்புவதற்கான வட்டம், குளியலறைக் கதவு. எல்லாவற்றுக்கும் மேலே, நத்தார்.

இந்தப் பட்டியலைப் பார்க்கிற எந்தப் பொறியியலாளரும் மரச்சட்டத்துக்குத்தான் வருவார். புளொக் கல்லை இரட்டைச் சுவராக எழுப்பி நடுவே குளிர்காப்பு வைத்தால் சுவர்களே அறையைத் தின்றுவிடும், வோக்கர் கட்டிலைச் சுற்றி வராது. கல்லையும் சாந்தையும் குசினிக்குள்ளால் சுமந்து, மழைக்குள் காய விட்டு, நத்தாருக்குள் முடிக்க ஏலாது. மெல்லிய உருக்குச் சட்டம் நேராக இருக்கும், இலேசானது, ஆனால் குளிரை உள்ளே கடத்தும், ஒவ்வொரு சட்டத்துக்கும் வெளியே தடிப்பான போர்வை வேண்டும். மரச்சட்டமென்றால் நீளமாகக் கொண்டுவந்து வளவிலேயே வெட்டிப் பொருத்தலாம், சட்டங்களுக்கு நடுவிலேயே குளிர்காப்பு அடங்கிவிடும், சுவர் ஒல்லியாக இருக்கும், அத்திவாரத்துக்கும் பாரம் குறைவு. சட்டங்களை மட்டும் நிறுத்தினால் சுவர் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அதைச் சாயவிடாமல் பிடிப்பது அவற்றின்மேல் அறைகிற பலகை. எந்தப் பலகை என்பதுதான் மேசையில் மிச்சமிருந்த கேள்வி. அப்படித்தான் நான் நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கோ கேள்வி அதற்கு வெகு முன்னாலேயே தொடங்கியிருந்தது.

"மரத்திலையோ?" என்றார். "அக்காவைக் கொண்டுபோய் ஷெட்டுக்குள்ளை விடுறதோ?"

எங்கள் பக்கத்துத் தெருக்களைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். பின்வளவில் பலகையால் ஒரு கொட்டில் அடித்து, உள்ளே கட்டில் போட்டு, புதிதாக வந்த பெடியங்களுக்கு வாடகைக்கு விடுகிற வீடுகள் அங்கே இருந்தன. கவுன்சில்காரர் வருகிறார்கள் என்றால் அந்த வீடுகளில் திரைச்சீலை மூடும். அம்மாவின் கண்ணில் மரச்சுவர் என்றால் அதுதான். கல்லால் கட்டினால் அது அறை, பலகையால் கட்டினால் அது கொட்டில்.

"சனம் என்ன சொல்லும்? வந்து சுவரிலை ஒரு தட்டுத் தட்டுவினம். டொக்கு டொக்கெண்டு கேட்கும். பிறகு கோயில் முழுக்கக் கதை."

"சனம் வந்து சுவரைத் தட்டுமோ?" என்று அப்பா கேட்டார்.

"உங்கடை அண்ணையின்ரை வீட்டுக்குப் போனபோது நீங்கள் தட்டினனீங்கள்."

அப்பா பேப்பருக்குள் போய்விட்டார். அது உண்மை. நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் புதுவீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றுவார்கள், சாமியறையைப் பார்ப்பார்கள், பிறகு போகிறபோக்கில் விரல் மொளியால் சுவரில் ஒரு தட்டு. ஒருவரும் இதைக் குறையாக எடுப்பதில்லை.

பெரியம்மா இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. நோர்வேயில் மரவீட்டிலேயே பாதி வாழ்நாள் கழித்தவர், ஒரு வார்த்தை சொன்னால் போதும், அம்மா இறங்கி வந்திருப்பார். ஆனால் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "எனக்கெதெண்டாலும் சரி. நான் கொஞ்ச நாள்தானே." அந்த வசனத்தை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். அதைக் கேட்கும் ஒவ்வொரு தரமும் அம்மா எழும்பிப் போய்க் குசினியில் எதையாவது கழுவத் தொடங்குவார்.

கடைசியில் சிக்கலை அவிழ்த்தது நெருப்பு விதி. வேலியோரச் சுவர்களில் தீ பரவாத பலகைதான் அறையவேண்டும் என்பதால், அந்த இரண்டு பக்கத்துக்கும் சாம்பல் நிறச் சீமெந்துப் பலகையைத் தெரிவுசெய்தேன். தோட்டத்தைப் பார்க்கும் பக்கத்தில் பெரிய யன்னல் வருவதால் சுவருக்கு மிச்சம் இரண்டு ஒடுங்கிய துண்டுகள்தான். அவை உறுதியாக நிற்க ஒட்டுப்பலகை. அம்மா இதைக் கேட்டதும் நிமிர்ந்தார். "என்ன பலகை எண்டனி?" "சீமெந்துப் பலகை, அம்மா." அன்று மாலை ஹவுன்ஸ்லோவில் இருக்கிற மாமியோடு அம்மா போனில் கதைப்பது மாடிவரை கேட்டது: "ஓம், ஓம், சீமெந்திலைதான் செய்யினம். புதுமுறை." நான் திருத்தவில்லை. பெரியம்மா கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

வேலையை எடுத்தவரை நாங்கள் எல்லோரும் ஜெர்மனி அண்ணை என்போம். ஜெர்மனியில் நெடுநாள் இருந்து தச்சுவேலை பழகி, பிறகு லண்டனுக்கு வந்தவர். என்னை "எஞ்சினியர் அம்மா" என்று பகிடியாகக் கூப்பிடுவார். என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு ஆணியோ? புயலுக்கோ கட்டிறம்?" என்று சிரித்தார், ஆனால் கேட்ட இடைவெளியில் கேட்ட ஆணியை அடித்தார். மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு மாதத்தில் அத்திவாரம் முடிந்து கொங்கிறீட் தளம் விழுந்தது. அதன்மேல் குளிர்காப்பும் தரைப்பலகையும் வந்தபின் குசினித் தரையும் புது அறைத் தரையும் ஒரே மட்டமாக இருக்கவேண்டும் என்பதால் தளத்தை நன்றாகத் தாழ்த்தியே போட்டிருந்தோம். குசினியிலிருந்து அறைக்கு ஒரு சின்னத் தடங்கலும் இல்லாமல் சில்லு உருளவேண்டும். என் பட்டியலில் நான் இரண்டு கோடு போட்ட ஒரே வரி அதுதான்.

அம்மாவை மரச்சுவருக்குச் சம்மதிக்க வைத்தபோது அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "நிலை நான் வாங்குவன். நல்ல நாள் பாத்து வைக்கவேணும். அதிலை ஒருத்தரும் வாய் திறக்கப்படாது." நான் மகிழ்ச்சியோடு சம்மதித்தேன். கதவுநிலைதானே. மரச்சட்ட வீட்டில் நிலை கடைசியில் வருவது. சுவர் எழும்பி, கூரை போட்டு, ஈரம் காய்ந்தபின் விட்ட இடைவெளியில் அதைச் செருகுவார்கள். அகலத்தை மட்டும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு நிலை முதலில் வருவது. வெறும் தளத்தில் தனியே நிலையை நிறுத்தி, பூசை செய்து, அதற்குப் பிறகுதான் சுவர் எழும்பும். அம்மா வெம்பிளிப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய நிலை போர்வை சுற்றி ஜெர்மனி அண்ணையின் கராஜில் கிடந்தது. நான் அந்தக் கிழமை வேறு ஊரில் வேலைத்தளத்தில் இருந்தேன். நல்ல நேரத்துக்குச் சற்று முன்புதான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பின்கதவைத் திறந்தபோது தூறிக்கொண்டிருந்தது. பழைய குசினிச் சுவரை இன்னும் உடைக்கவில்லை. அதன் பின்கதவுக்குச் சற்று அப்பால், வெறும் கொங்கிறீட் தளத்தின் நடுவில், இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்த தடிகளோடு ஒரு தேக்கு நிலை நின்றது. மேலே இலட்சுமி, இரண்டு பக்கமும் யானை, மஞ்சள் துணியில் முடிந்த நவதானியம், மாவிலை. சுவரில்லாத வாசலுக்கூடாகப் பின்வேலியும் அயலவரின் உடுப்புக்கொடியும் தெரிந்தன. உறவினர்கள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஹவுன்ஸ்லோ மாமி வந்திருந்தார், சட்டனிலிருந்து அப்பாவின் அண்ணை குடும்பம். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப்பார்த்து, கதவு மட்டும்தான் வாங்கினீர்களா என்று ஆங்கிலத்தில் அப்பாவைக் கேட்டார். மிச்சத்துக்கு ஓடர் கொடுத்திருக்கிறோம் என்று அப்பா சொன்னார்.

நான் அழகைப் பார்த்துக்கொண்டு நின்று, கடைசியில்தான் கீழே பார்த்தேன். நிலைக்குப் படி இருந்தது. இரண்டு கால்களையும் இணைத்து, தரையிலிருந்து ஒரு கைப்பிடி உயரத்துக்கு எழும்பிய தடித்த தேக்குக் குற்றி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து.

அம்மாவின் காதோடு கேட்டேன். "அம்மா, என்ன இது, படியோடை?"

"படியில்லாமல் நிலையோ? நாலு பக்கமும் இருந்தாத்தான் நிலை. மூண்டு பக்கமெண்டால் அது பந்தல்."

அதற்குள் ஐயர் மணியை அடித்துவிட்டார். படிக்குக் கீழே ஒரு துளி பொன் வைத்தார்கள். பால் ஊற்றினார்கள். ஜெர்மனி அண்ணை தேங்காய் உடைத்தார், அது நேர்பாதியாக உடைந்ததில் சனத்துக்குப் பெரிய திருப்தி. பிறகு ஐயர், "இந்த அறையிலை இருக்கப்போற ஆள் வந்து வலது காலை எடுத்து வைக்கட்டும்" என்றார். பின்கதவிலிருந்து தளத்துக்கு ஒரு பலகையைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். பட்டுச்சேலைக்கு மேலே பனிக்கோட்டுப் போட்டபடி பெரியம்மா வோக்கரைத் தள்ளிக்கொண்டு இறங்கி வந்தார். நிலையின் முன்னால் வந்து நின்றார். முன்சில்லு படியில் முட்டியது. அவர் சில்லைப் பார்த்தார், படியைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதை நான் தாண்டமாட்டன்."

சட்டன் பெரியப்பாவின் இரண்டு பெடியங்கள் உடனே முன்னால் வந்தார்கள். "நாங்கள் தூக்கிவிடுறம், ஆன்ட்டி."

"இண்டைக்குத் தூக்குவியள். நாளைக்கு ஆர் தூக்கிறது?"

பெரியம்மாவின் குரலில் கோபம் இருக்கவில்லை. மீன் தொழிற்சாலையில் பெட்டி நிறைந்துவிட்டது என்று சொல்கிற குரலாக அது இருந்திருக்கும். "இஞ்சை வந்த நாள் துவக்கம் ஒரு வாய் தண்ணி குடிக்கிறதெண்டாலும் நான் யோசிச்சுத்தான் குடிக்கிறன். குடிச்சால் கூப்பிடவேணும். நீங்கள் ஒருத்தரும் முகம் சுழிக்கேல்லை, பொய் சொல்லப்படாது. ஆனா எனக்கு ஏலாது. அங்கை தனியத்தான் இருக்கிறன், சரி. ஆனா ஒருத்தரையும் கூப்பிடாமல் இருக்கிறன்."

அம்மாவின் முகம் அப்போது எப்படி இருந்தது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய மரியாதை என்று தேடித்தேடி வாங்கி வைத்த பொருளே அக்காவை வாசலில் நிறுத்திவிட்டது. அப்பா, படியை அறுத்துவிடலாம் என்று மெல்லச் சொன்னார். "பொன் வைச்சுப் பால் வார்த்த படியை அறுக்கிறதோ!" என்று ஹவுன்ஸ்லோ மாமி கூவினார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் போகுது" என்றார், ஒருவரையும் குறிப்பிடாமல்.

எனக்கு அந்த நேரத்தில் உணர்ச்சி ஒன்றும் வரவில்லை. பயிற்சி அப்படி. நான் படியின் உயரத்தைக் கையால் அளந்தேன். பிறகு நிலை எதன்மேல் நிற்கிறது என்று பார்த்தேன். அது தரையில் நிற்கவில்லை, தளத்தில் நின்றது. தரை இன்னும் வரவே இல்லை. நாங்கள் தாழ்த்திப் போட்ட அந்த ஆழம் முழுவதும் குளிர்காப்பாலும் பலகையாலும் நிரம்பப் போகிறது.

"அண்ணை, குளிர்காப்புத் துண்டு இருக்கோ? தரைப்பலகையும் கொண்டுவாங்கோ, கெதியா."

ஜெர்மனி அண்ணைக்கு நான் சொல்லி முடிக்க முதல் விளங்கிவிட்டது. வளவு மூலையில் சாமான் வைத்திருந்த ஷெட்டுக்குள்ளிருந்து துண்டுகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குளிர்காப்பை வைத்தோம். அதன்மேல் தரைப்பலகையை நீட்டி, படிக்கு மேலாகவே ஒரே துண்டாகப் போட்டோம். படி உள்ளே போய்விட்டது. மேலே ஒரு விரல் இடைவெளிகூட மிச்சம் இருந்தது.

"படி எங்கை?" என்று அம்மா கேட்டார்.

"கீழை இருக்கு, அம்மா. பொன்னோடை, பாலோடை, அப்பிடியே இருக்கு. இதுதான் தரை."

அம்மா ஐயரிடம் திரும்பினார். "ஐயா, மூடினால் குற்றமில்லையோ?"

ஐயர் கொஞ்சம் யோசித்தார். அவருக்கும் அடுத்த வீட்டுப் பூசைக்கு நேரமாகியிருக்கும். "அத்திவாரத்தையும் மூடித்தானே வைச்சிருக்கிறியள்? அதுக்கென்ன குறை வந்தது?" என்றார்.

சரிவுப் பலகையை எடுத்து இந்தத் தரைப்பலகையின் விளிம்பில் பொருத்தினோம். ஜெர்மனி அண்ணை முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் அதை அமத்திப் பிடித்தார். பெரியம்மா பின்னுக்கு வந்து, வோக்கரைத் திருப்பி, மறுபடி தள்ளினார். சில்லு உருண்டது. நிலைக்கு நேரே வந்ததும் நின்று, சேலையைச் சற்றுத் தூக்கி, வலது காலை வைத்தார். பிறகு இடது கால். ஒருவரும் அவரைத் தொடவில்லை. நிலைக்கு அந்தப் பக்கத்தில், சுவரும் கூரையும் இல்லாத தன் அறைக்குள், தூறலில் நனைந்தபடி நின்றுகொண்டு எங்களைத் திரும்பிப் பார்த்து, "எல்லாரும் ஏன் வெளியிலை நிக்கிறியள்? உள்ளை வாங்கோவன்" என்றார். அம்மாதான் முதலில் சிரித்தார். அது பாதி அழுகை.

அதன் பிறகு நான் என் வரைபடத்தைத் திருத்தினேன். நிலையை நகர்த்தக் கூடாது என்பதால், எங்கள் மேசன்மார் கல்வைத்துக் கட்டுவதைப்போலவே, அதைச் சுற்றித்தான் மரச்சட்டச் சுவர் எழும்பியது. நிலையின் இரு மருங்கும் இரட்டைச் சட்டம், மேலே புதிய உத்தரம். படி கீழே இறங்கிவிட்டதால் வாசலின் உயரம் குறைந்துபோனது. எங்கள் வீட்டில் அப்பா மட்டும் இன்றுவரை அந்த வாசலில் இலட்சுமிக்குத் தலை வணங்கித்தான் போகிறார். அம்மாவும் பெரியம்மாவும் குள்ளம், அவர்களுக்கு அது தாராளமாக இருந்தது. என் அலுவலகத்தில் கணக்கைச் சரிபார்த்தவர், ஏன் முதலிலேயே ஒரு கதவுச்சட்டம் தனியாக நிற்கிறது என்று ஓரத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். "வாடிக்கையாளரின் தேவை" என்று எழுதினேன்.

இப்போது நான் நிறைய வீடுகளுக்கு அறை இழுத்துக் கொடுக்கிறேன். அவற்றில் பாதி எங்கள் ஆட்களுடையவை. கல்லா மரமா, எந்தப் பலகை என்று அவர்கள் கேட்பதற்கு முன்னால், அந்த அறையில் இருக்கப்போகிறவரைக் காட்டச் சொல்கிறேன். அவர் ஒரு நாளில் எத்தனை காரியத்துக்கு மற்றவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று பார்க்கிறேன். அதைக் கேட்டு அறிய முடியாது. பெரும்பாலும், "எனக்கெதெண்டாலும் சரி" என்றுதான் சொல்லுவார்கள்.

அறை நத்தாருக்கு முன்னமே முடிந்தது. வர்ணம் மட்டும் ஒரு கை குறைவு. பெரியம்மா முன் ஹோலிலிருந்து தன் பெட்டியோடு அங்கே மாறினார். முதல் நாள் காலையில் அம்மா ஓடிப்போய்ப் பார்த்தபோது கட்டில் வெறுமையாக இருந்தது. குளியலறைக் கதவு உள்ளால் பூட்டியிருந்தது.

"அக்கா! அக்கா! என்ன செய்யிறியள்?"

"குளிக்கிறன்."

"ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

"நீ எனக்கு முதுகு தேய்க்கிறதோ? போய் வேலையைப் பார்."

அம்மா சிரித்துக்கொண்டு வந்து எங்களுக்குச் சொன்னார். ஆனால் டிக்கெட்டைப்பற்றி ஒருவரும் பேசவில்லை. அம்மா கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம். நாள் நெருங்க நெருங்க அம்மா தேவையில்லாத வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். அக்காவின் பனிக்கோட்டை இரண்டு தரம் தோய்த்தார். நோர்வேக்குக் கொண்டுபோக மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வைத்தார். நான் என் அறையிலிருந்து அந்தத் திகதியை எண்ணிக்கொண்டிருந்தேன், எனக்கும் கேட்கத் துணிவில்லை.

அந்தச் சனிக்கிழமை குசினியில் பெரியம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். வோக்கரை ஒரு பக்கம் நிறுத்திவிட்டு, மேசை விளிம்பில் இடுப்பைச் சாய்த்து, ஒரு பெரிய மீனை முள்வேறு சதைவேறாக வகிர்ந்தார். பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர், பாதி குடித்தபடி. கத்தி போகிற வேகத்தைப் பார்க்க எனக்குப் பயமாகவும் பெருமையாகவும் இருந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"அக்கா, வாற கிழமை எத்தினை மணிக்கு பிளேன்?"

"அதை மாத்திப்போட்டன்."

அம்மாவின் கை நின்றது. "எப்பத்துக்கு?"

"சித்திரைக்கு. பனி கரையட்டும்." பெரியம்மா மீனைத் திருப்பிப் போட்டார். "அங்கை வீட்டைத் திருப்பிக் குடுக்கவேணும். சாமானுகள் கிடக்கு, கட்டவேணும். தனிய ஏலாது, நீயும் வா."

அவர் யாரையாவது கூட வா என்று கேட்டதை நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

அம்மா எழுந்து நின்றார், இருந்தார், மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தார். கண் கலங்கியதற்குக் காரணம் வெங்காயம் என்று நாங்கள் மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம்.

"எனக்கு அந்தக் குளிருக்குப் போடச் சப்பாத்து இல்லையே, அக்கா."

"என்ரை கிடக்கு. உனக்கும் எனக்கும் ஒரே கால்தானே" என்றார் பெரியம்மா. "உப்பை எடு."